வாளுக்கு வாழ்க்கைப்பட்டவள்

அன்றைக்கு என் கையில் ஏற்றிய வளையல்களை என் கல்யாணத்துக்குக்கூட ஏற்றவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். கையை மடக்கினால் குத்தியது. தலையில் வைத்த மல்லிகையின் கனத்தில் கழுத்து பின்னால் சாய்ந்தது. கழுத்தில் பூசிய சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது.

கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் என்னை மணைபோட்டு உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள். எருமை ரோட்டில் தயிர் விற்கும் முனியம்மாதான் அவர்களில் மூத்தவள்.

"இன்னும் ரெண்டு ஏத்துங்கடி. ராஜா வூட்டுப் பொண்ணு, கை நெறஞ்சு இருக்கணும்" என்றாள்.

முன்வாசலில் கோச்சு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பன்னீர் வாசனை கொல்லை வரைக்கும் வந்தது. என் அப்பா வெள்ளைப் பட்டுத் தலைப்பாகை கட்டி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். யாராவது புதிதாக வந்து பார்த்திருந்தால் கல்யாண வீடு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

என் புருஷன் இறந்துபோன செய்தி வந்து அன்றைக்குப் பத்தாம் நாள். வழக்கம் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: பறிப்பதற்கு முன்னால் நிறைத்து வைப்பார்கள். பூ, பொட்டு, வளையல் எல்லாம் கடைசியாக ஒரு தடவை. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள்.

போன வாரம் எங்கள் வீட்டுக் குதிரை லாயத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு சிரம்பானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். "அம்மா, குதிரையைப் பற்றி எழுதினீர்கள், சமையல்காரரைப் பற்றிக்கூட எழுதினீர்கள். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?"

நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரரை நான் மூன்று நாள் பார்த்திருக்கிறேன். மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பார். வெள்ளிப் பிடி, சிவப்பு வெல்வெட் உறை. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்த வகையில் நல்ல மனிதர்.

வண்டிக்காரர் மாளிகை

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ரத்தினம். இந்தச் சிங்கப்பூருக்கு மாட்டுவண்டி ஓட்ட வந்தவர். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் அரிசி மூட்டை அடித்தார். ஒரு வண்டி நாலாயிற்று. நாலு நாற்பதாயிற்று. பிறகு ரோட்டுக்குக் கல் அடிக்கும் காண்ட்ராக்ட் கிடைத்தது. பிறகு செங்கல் சூளை. சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தூண் வைத்த பங்களா ஒன்று கட்டினார். அது வரைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உழைத்தார், சம்பாதித்தார்.

பங்களா கட்டியதும் சனி பிடித்தது.

என் அம்மாவின் பெயர் அஞ்சலை. பங்களாவுக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று அப்பா அவளை அஞ்சலாட்சி ஆக்கினார். அம்மா வளர்த்த மாடுகளைச் சாணி நாற்றம் என்று விற்றுவிட்டார். மாடு போன அன்றைக்கு அம்மா தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்து அழுதாள். கூடத்தில் ஒரு பியானோ வந்தது. அதை வாசிக்க வீட்டில் யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை துடைப்பார்கள். துடைக்கும்போது அதுவாகக் கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான் அதன் சங்கீதம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்கு ஓரத்தில் தங்கக்கோடு போட்ட விசிட்டிங் கார்டு இருந்தது. அதை அவர் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நீட்டுவார்.

இதெல்லாம் யாருக்காக என்றால் ஒரே ஒரு மனிதருக்காக. அவர் தோட்டத்து வீட்டு சபாபதி. கேலாங் பக்கம் பெரிய தென்னந்தோப்பு. அவருடைய அப்பாவே பணத்தோடு கப்பலேறி வந்தவர். ஆகவே அவர் பரம்பரைப் பணக்காரர், என் அப்பா நேற்றுப் பணக்காரர். கோயில் திருவிழாவில் நாலு பேர் நடுவில் சபாபதி என் அப்பாவை, "வாங்க வண்டிக்காரரே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுவதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. அன்றிரவு எங்கள் வீட்டில் யாருக்காவது அடி விழும்.

சபாபதியின் மகளுக்கு லண்டனில் படித்த பாரிஸ்டர் மாப்பிள்ளையாக வாய்த்தார். கல்யாணத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வடை தின்றார். அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

"பாரிஸ்டருக்கு மேல என்னய்யா இருக்கு?" என்று தன் கணக்குப்பிள்ளையைக் கேட்டார்.

"ராஜாதான் இருக்கு, முதலாளி" என்றார் அவர். சும்மா இருக்கலாம் மனிதர்.

கப்பலில் வந்த மாப்பிள்ளை

அந்தச் சமஸ்தானத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நம் தென்சீமையில் வானம் பார்த்த பூமி. ராஜா என்று சொன்னாலும் ஜமீன்தார்தான். மூன்று நாலு பேர் மூலமாகப் பேச்சு நடந்து, ஜமீன் காரியஸ்தர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். காதில் வைரக் கடுக்கன், வாயில் எந்நேரமும் வெற்றிலை. கூடத்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அதை அப்பா பணிவு என்று நினைத்தார். எங்கள் வீட்டு நாற்காலியில் அவர் உட்கார மாட்டார் என்பது அப்பாவுக்குப் புரியவில்லை.

"மகாராஜா உப்புத் தண்ணி தாண்டக் கூடாது. பட்டத்துக்கு தோஷம். அதனால தனக்குப் பதிலா பட்டத்து வாளை அனுப்பி வைக்கிறார். வாளுக்குப் பக்கத்துல பொண்ணை உக்கார வச்சுத் தாலி கட்டினா அது மகாராஜா கட்டின மாதிரி" என்றார்.

"மாப்பிள்ளையே வர மாட்டாரா?" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கிறுக்கச்சி, பட்டத்து வாளுடி! சபாபதி மருமவன் வெறுங்கையோட வந்தான்" என்றார்.

எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ராணி என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும்?

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வாள் வந்து இறங்கிய நாளை ஊரே பேசியது. கப்பல் படியில் வெல்வெட் மெத்தைமேல் வைத்து, மேலே குடை பிடித்து இறக்கினார்கள். நாதஸ்வரம் ஒரு பக்கம், கூலிக்கு அமர்த்திய பாண்டு வாத்தியம் ஒரு பக்கம். இரண்டும் வேறு வேறு பாட்டு. இரட்டைக் குதிரை வண்டியின் நல்ல இருக்கையில் வாளைச் சாய்த்து வைத்துவிட்டு, அப்பா குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரில் குறுகி உட்கார்ந்தார். சிராங்கூன் ரோட்டில் ரிக்ஷாக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்தார்கள். குடையையும் நீளமான பொட்டலத்தையும் பார்த்த எங்கள் மலாய்க் குதிரைக்காரர், செத்தது பெரிய மனிதரா என்று சமையல்காரரிடம் கேட்டாராம்.

மணவறையில் வலப்பக்கம் நான், இடப்பக்கம் நாற்காலியில் அவர். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க வந்த அம்மா திகைத்து நின்றாள். மனிதனுக்கு முகம் உண்டு, வாளுக்கு எது முகம்? கடைசியில் பிடியில் ஒரு பொட்டு வைத்தாள். தாலியை வாளில் தொட்டு எடுத்து, ஜமீனிலிருந்து வந்த ஒரு கிழவி என் கழுத்தில் கட்டினாள். உறையில் தொங்கிய குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றி வந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பிறகு போட்டோ. நான் ஒரு நாற்காலியில், வாள் ஒரு நாற்காலியில். அழைப்பின் பேரில் வந்திருந்த துரை, மாப்பிள்ளை எங்கே என்று விசாரித்து, காட்டியதும், தொப்பியைக் கழற்றி வாளுக்கு வணக்கம் சொன்னார். அப்பாவின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நிமிஷம் வந்ததில்லை. சபாபதி மட்டும் பாயசத்திலேயே கண்ணாக இருந்தார்.

மூன்றாம் நாள் என் கணவர் காரியஸ்தரின் பெட்டிக்குள் படுத்துக் கப்பலேறினார். நல்ல நாள் பார்த்து அரண்மனையிலிருந்து அழைப்பு வரும் என்று சொல்லிப் போனார்கள்.

பந்தல் போட்டாச்சு

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நடந்த ஒன்றை எனக்கு அம்மா பிற்பாடு சொன்னாள்.

நாகூர்க்காரரான மரைக்காயர் ஒருவர் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். அப்பா ஒற்றை வண்டி ஓட்டிய காலத்திலேயே தன் ஜவுளிப் பொதிகளை அதில் ஏற்றி அனுப்பியவர். எங்கள் வீட்டில் அம்மாவை 'தங்கச்சி' என்று கூப்பிடும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு. அன்று வந்தவர், அப்பாவைக் குதிரை லாயத்துக்கு அழைத்துப்போய்ப் பேசினார். தீவனத் தொட்டிக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு எல்லாம் கேட்டது.

"காண்ட்ராக்டரே, சொல்றேன்னு கோவிக்கக் கூடாது. பட்டத்து ராணியா எடுக்கிற வூட்டுக்கு அவுக தானா வருவாக. வாள அனுப்புறது அவுக வாசல் மிதிக்க மாட்டாத வூட்டுக்கு. கத்திக் கல்யாணம்னு சொல்லுவாக. அந்தப் புள்ள அரமனைக்குள்ள போவ முடியாது. அதுக்கு ஒரு புள்ள பொறந்தா பட்டமும் இல்ல, பங்கும் இல்ல. கடலத் தாண்டக் கூடாதுங்கறது சாக்கு. உள்ளூருலயே வாளத்தான் அனுப்புவாக. எங்க சீமையில சின்னப் புள்ளைக்கும் இது தெரியும்."

அப்பா வெகுநேரம் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றாராம்.

"பந்தல் போட்டாச்சு, மரக்காரே" என்றார் கடைசியில். "துரை வர்றேன்னுட்டாரு. சபாபதி வர்றான்."

"புள்ளய நெனச்சுப் பாருங்க."

"இது இந்த ஊருல யாருக்குத் தெரியும்? உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இத்தோட இருக்கட்டும்."

அது வரைக்கும் அவர் செய்தது அறியாமை. வண்டி ஓட்டி வந்தவருக்கு ஜமீன் சூது எப்படித் தெரியும்? அதற்காக அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்கு மேல் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த வயதிலும் முடியவில்லை.

அம்மா உள்ளே வந்து, "வேண்டாங்க, நிறுத்திடுங்க" என்று காலைப் பிடித்தாள். "வாயைப் பொத்துடி" என்றார். பொத்திக்கொண்டாள். மறுநாள் மரைக்காயர் வந்து, ஒரு பட்டுச் சேலையை என் மடியில் வைத்துவிட்டு, கை நனைக்காமல் போய்விட்டார்.

திரை போட்ட வண்டி

அழைப்பு வரவில்லை.

முதலில் ஆடி மாதம் என்றார்கள். பிறகு, கடல் கடந்து பிறந்தவள் என்பதால் சாந்தி செய்ய வேண்டும் என்றார்கள். பிறகு எனக்கென்று தனி மாளிகை கட்டுகிறார்கள் என்றார்கள். கேட்டபோதெல்லாம் அப்பா காணிக்கை அனுப்பினார். அந்த மாளிகைக்கு எங்கள் சூளைச் செங்கல்லையே கப்பலில் அனுப்பலாமா என்றுகூட ஒரு சமயம் யோசித்தார்.

அரண்மனைப் பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் பட மாட்டார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். உடனே எனக்கும் கோஷா வந்தது. வண்டியின் ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை. மாடியில் ஓர் அறை. வேலைக்காரர்கள் ராணியம்மா என்று கூப்பிட வேண்டும். புதிதாக அச்சடித்த கார்டில் அப்பா ஒரு ராஜாவின் மாமனார் ஆனார். ஊரும் மெல்ல மெல்ல என்னை ராணியம்மா என்றது, சிலர் சிரிக்காமலே.

சபாபதி மட்டும் சொல்லவில்லை. "பொண்ணு சௌக்கியமா, வண்டிக்காரரே?" என்பார். அவர் வாயால் ஒரு தடவை 'ராணியம்மா' என்று கேட்டுவிட வேண்டும் என்று அப்பா தவம் கிடந்தார்.

மாடி ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் எனக்கு உலகம். டிராம் மணியடித்துக்கொண்டு போகும். கால்வாயில் எருமைகளை இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். என்னோடு விளையாடிய பெண்கள் இடுப்பில் குழந்தையோடு போவார்கள். எனக்கும் ஒரு குழந்தை இருந்தால் என்று நினைப்பேன். நினைத்துவிட்டு என் மடத்தனத்தை நானே திட்டிக்கொள்வேன்.

ஒரு நாள் அப்பா வெளியூர் போயிருந்தபோது, அம்மா எனக்கு வேலைக்காரியின் சேலையைக் கட்டிவிட்டு, பின்வாசல் வழியாகத் தேக்கா மார்க்கெட்டுக்கு நடத்தியே கூட்டிப்போனாள். புட்டு மாயாம் என்று இங்கே சொல்லும் இடியாப்பம் வாங்கி, வாழையிலையில் தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு, நின்றுகொண்டே தின்றோம். யாரோ ஒருவன் என் காலை மிதித்துவிட்டு, "தள்ளி நில்லும்மா" என்றான். வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"எல்லாம் என்னாலதாண்டி. அன்னிக்கு நான் கத்தியிருக்கணும்" என்றாள். லாயத்துப் பேச்சை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள்.

பழைய பத்திரிகை

இப்படி நாலைந்து வருஷம் போயிற்று. ஒரு நாள் காலையில் கணக்குப்பிள்ளை மதராஸ் பத்திரிகையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கப்பலில் வந்த பழைய பத்திரிகை. ராஜா காலமாகிவிட்டார் என்று போட்டிருந்தது. என் புருஷன் இறந்து எத்தனையோ நாள் கழித்து, அரிசி விலைக்குக் கீழே இருந்து நான் அதைத் தெரிந்துகொண்டேன். அரண்மனையிலிருந்து ஒரு தந்திகூட இல்லை.

அவருக்கு இரண்டு ராணிகள் என்று பத்திரிகை சொன்னது. பெயரும் போட்டிருந்தது. அப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"நம்ம பொண்ணு பேரு?"

"இல்லீங்க, முதலாளி."

"அவனுக்குச் சிங்கப்பூர் சமாச்சாரம் எப்படித் தெரியும், விட்டுருப்பான்" என்றார். அன்றைக்கே பத்து நாள் காரியத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார்.

அந்தப் பத்து நாளுக்குள், சில மாதம் முன்பே ஊருக்குப் போயிருந்த மரைக்காயர் திரும்பி வந்தார். அம்மா சொல்லிவிட்டதன் பேரில் அந்தச் சமஸ்தானத்துக்கே நேரில் போய் விசாரித்திருந்தார். துறைமுகத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"காரியஸ்தரையே பாத்தேன். 'வாள் ஊர்வலமா போச்சு, காணிக்கை வந்துச்சு, அவ்வளவுதான். கடலுக்கு அந்தாண்ட பொறந்தவ எங்களுக்கு ராணியா? அப்படி ஒரு கல்யாணமே நடக்கல'ன்னுட்டாரு. கத்திக் கல்யாணம்னு கூட ஒத்துக்கல, காண்ட்ராக்டரே."

அம்மாதான் பேசினாள்.

"அண்ணே, அப்ப எம் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகல. அவங்களே சொல்லிட்டாங்க. ஆகலேன்னா அவ யாருக்கு அறுக்கணும்? ஈப்போல எந்தம்பி மவன் இருக்கான். அவளயே கட்டிக்கிறேன்னு இன்னும் ஒக்காந்திருக்கான்."

"அந்தப் பால்காரப் பயலா?" என்றார் அப்பா.

"நீங்க மட்டும் யாரு?" என்றாள் அம்மா. அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்போது எனக்குள் வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் வெட்கமில்லாமல் எழுதுகிறேன். செத்துப்போன மனிதருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஈப்போவில் எத்தனை மாடு இருக்கும் என்று நினைத்தேன். இறங்கிப்போய் அப்பாவின் முன்னால் நின்றேன்.

"அப்பா, நான் அவரைப் பார்த்ததே இல்லப்பா."

"ராஜாவை எல்லாரும் பாத்துட முடியுமா?" என்றார்.

"அவங்களே இல்லேன்னு சொல்றாங்களே."

"அவங்க இல்லேன்னு சொன்னா ஊரு ஆமான்னு சொல்லணும். ஊரு எப்ப சொல்லும்? விதவைன்னா புருஷன் இருந்தான்னு அர்த்தம். தாலிய அறுத்தாத்தான் தாலி கட்டினது நெசம்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மரைக்காயரைப் பார்த்து, "இதுவும் இத்தோட இருக்கட்டும்" என்றார். மரைக்காயர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இனிமே இந்த வாசல நானும் மிதிக்க மாட்டேன், தங்கச்சி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வார்த்தை தவறவில்லை.

கிணற்றடி

ஆகவே பத்தாம் நாள் கிணற்றடியில் நான்.

வளையல் ஏற்றி முடித்தார்கள். ஒருத்தி ஒப்பாரியை ஆரம்பித்தாள். ராஜாவின் யானையையும் பல்லக்கையும் அவர் எனக்கு ஆசையாக வாங்கிவந்த சேலைகளையும் பாடினாள். எனக்கே அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிடும்போல இருந்தது.

அந்த நேரத்தில் முன்கூடத்தில் சபாபதியின் குரல் கேட்டது. கணீரென்ற குரல் அவருக்கு.

"ராணியம்மாவுக்கு இப்படி ஆயிடுச்சே, ரத்தினம் பிள்ளை!"

வண்டிக்காரர் என்று சொல்லவில்லை. பொண்ணு என்றும் சொல்லவில்லை. அப்பா விம்மி அழும் சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது. பெற்ற மனம் என்று முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் எதற்கு அழுகிறார் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

பூவை எடுத்தார்கள். பொட்டை அழித்தார்கள். என் இரண்டு கைகளையும் சேர்த்துத் துவைக்கல்லில் மோதினார்கள். கண்ணாடி கீறி ரத்தம் வந்தது. ஜமீன் கிழவி கட்டிய தாலியைக் கழற்றி, பக்கத்தில் இருந்த பால் சொம்புக்குள் போட்டாள் முனியம்மா. அது போகும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா வந்து மணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுமங்கலிகள் அந்த நேரத்தில் அங்கே வரவே கூடாது. முனியம்மாவின் முன்னால் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எனக்கும் உடைங்க."

"என்னா பேச்சு பேசுற? புருஷன் குத்துக்கல்லாட்டம் வாசல்ல நிக்கிறாரு!"

"நிக்கட்டும். எம் பொண்ணு அவ புருஷன ஒரு நாளும் பாத்ததில்ல, அவளுக்கு அறுத்துட்டீங்க. எம் புருஷன நான் இத்தன வருஷமா பாத்துட்டேன். எனக்கு அறுங்க."

யாரும் கிட்டே வரவில்லை. அம்மா தானே கையை ஓங்கிக் கல்லில் அடித்தாள். கொண்டையிலிருந்த பூவைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டாள். முந்தானையால் நெற்றியை ஒரே இழுப்பாக இழுத்தாள். பெண்கள் ஐயோ என்று கத்தின சத்தத்தில் அப்பா ஓடி வந்தார். அவருக்குப் பின்னாலேயே, என்னவோ ஏதோ என்று சபாபதியும் வந்து நின்றார். அவர்கள் கண் முன்னாலேயே அம்மா தன் தாலியைக் கழற்றி, என் தாலி கிடந்த சொம்புக்குள் போட்டாள்.

"அஞ்சலாட்சி!" என்றார் அப்பா.

"எம் பேரு அஞ்சலை" என்றாள் அம்மா.

சபாபதி மூலையில் வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் வண்டி ஏறிவிட்டார். அவர் பின்னால் மற்ற வண்டிகளும் போயின. நூற்றுக்கணக்கான இலைக்குச் சமைத்த சோற்றை அன்றைக்கு எருமை ரோட்டு மாடுகள் தின்றன.

ஈப்போ பையனுக்கு வேறிடத்தில் முடிந்தது. ஊர் கூடி அறுத்த பிறகு என்னை யார் கட்டுவார்கள்? அம்மா செய்தது எனக்கு என் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்துதான் செய்தாள்.

அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். ஆனால் வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக ஒரு மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெரிய மனிதரை வீட்டுக்குக் கூப்பிடுவது? கார்டுகள் கட்டுக்கட்டாக அப்படியே கிடந்தன. வண்டித் திரைகளை அம்மா கிழித்து அடுப்படித் துணியாக்கினாள். தொழுவத்துக்கு மறுபடி மாடு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் விடியற்காலையில் பால் கறப்போம். அந்தப் பால்தான் அப்பாவின் காப்பிக்கும்.

அவர் உண்மையாகவே காலமானபோது பெரிய காரியமாகத்தான் செய்தோம். பத்தாம் நாளுக்கு முந்தின சாயங்காலம் உறவுக்காரி ஒருத்தி மறதியாக வந்து, வளையல்காரருக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

அம்மா கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு? அவருக்கு நான் அப்பவே அறுத்துட்டேன்" என்றாள்.